அக்காவும் நீலப்பூப் பாத்திரமும்

அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் ரொறன்ரோவில், ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் அந்த மாடிக் கட்டடத்தில் முன்பு குடியிருந்தவர்கள் ஆளுக்கொரு கதையோடு எனக்குப் போன் எடுப்பார்கள். எனக்கு என் கதையைச் சொல்லி முடிக்கவே நேரம் போதாது.

வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் சனங்களுக்குத் தெரியாத சங்கதியல்ல. அயல்வீட்டிலிருந்து குழம்பு வந்தால் கிண்ணத்தைக் கழுவி, ஒரு கரண்டி சீனியாவது, ஒரு தேசிக்காயாவது போட்டுத்தான் கொடுப்போம். மற்றவர்களுக்கு அது வழக்கம். அக்காவுக்கு அது வியாதி. பிறர் பாத்திரம் ஒன்று தன் வீட்டில் இருக்கிறதென்றால் அந்த மனுசிக்குச் சோறு இறங்காது.

நாங்கள் அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த புதிதில் என் மனைவி கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, ஐஸ்கிரீம் வந்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் ஊற்றி எதிர் வீட்டு அக்காவுக்கு அனுப்பினாள். அரைமணி நேரத்தில் டப்பா திரும்பி வந்தது, நிறையக் கொழுக்கட்டையோடு. என் மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. மட்டக்களப்பு அக்காவிடம் தோற்பாளா? டப்பா திரும்பிப் போனது, ஒடியல் கூழோடு. மறுநாள் வந்தது, பாற்சோற்றோடு. அந்த மாரி முழுக்க இந்தப் போர் நடந்தது. நடுவில் அகப்பட்டுப் பருத்தவன் நான். ஒருநாள் பொறுக்க முடியாமல் யாருக்கும் தெரியாமல் டப்பாவைக் குப்பைக் குழாயில் போட்டுவிட்டேன். போர் முடிந்தது என்று நினைத்தேன். இரண்டொரு நாளில் அக்கா கண்கலங்கி வந்து நின்றார். டப்பாவைத் தானே எங்கேயோ தொலைத்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டாராம். கையில் அதே மாதிரிப் புது டப்பா. அதைக் காலியாக்குவதற்காகத் தை மாதக் குளிரில் அவரும் மகனும் குந்தியிருந்து ஐஸ்கிரீம் தின்றிருக்கிறார்கள். பையனுக்குத் தடிமன். டப்பாவுக்குள் பயத்தம் பணியாரம்.

இன்னொரு முறை எனக்குப் பித்தப்பை எடுத்தார்கள். வீட்டுக்கு வரும்போது ஆஸ்பத்திரியில் தந்த தண்ணீர்க் கூசாவும் என்னோடு வந்துவிட்டது. என் மனைவி அதைக் கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வைத்திருந்தாள். என்னைப் பார்க்க வந்த அக்கா என்னை விட்டுவிட்டுக் கூசாவையே பார்த்தார்.

"இது ஆர்ட தம்பி?"

"ஆஸ்பத்திரியின்ரை, அக்கா. உதை ஆர் தேடப் போகினம்?"

அடுத்த நாள் அக்கா அந்தக் கூசா நிறைய லட்டு நிரப்பி, பஸ் மாறி ஏறி, நான் படுத்திருந்த வார்ட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். நேர்ஸ்மார் லட்டைச் சாப்பிட்டுவிட்டு, இதையெல்லாம் நாங்கள் எறிந்துவிடுவோம் என்று சிரித்திருக்கிறார்கள். அக்கா திரும்பி வந்து ஒரு கிழமை அதே கதைதான். "எறிவாங்களாம் தம்பி! நல்ல சாமான்! எறிவாங்களாம்!"

மட்டக்களப்பார் வந்தவனை மந்திரத்தால் பாயோடு ஒட்ட வைத்து, ஊர் திரும்ப விடமாட்டார்கள் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் பகிடியாக அதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா சிரிப்பார். "உங்கட ஆக்கள் எழும்பிப் போக மனமில்லாம கிடந்துட்டு, பாயில பழியப் போடுறீங்க" என்பார்.

இப்படிப்பட்ட மனுசியின் வீட்டில் ஒரு அதிசயம் இருந்தது. குசினி அலுமாரியின் உச்சியில், பழைய நூல் சேலையில் சுற்றி, திருப்பிக் கொடுக்கப்படாத ஒரு பாத்திரம் இருந்தது. அவண் அடுப்புக்குள் வைக்கிற வெள்ளைப் பீங்கான் பாத்திரம். விளிம்பைச் சுற்றி நீலப் பூ, கண்ணாடி மூடி. வருடத்தில் ஒருநாள், பொங்கலுக்கு முன் வீடு கழுவும்போது, அது கீழே இறங்கும். கழுவித் துடைத்துத் திரும்ப ஏறிவிடும். அதில் அவர் ஒருநாளும் சமைத்ததில்லை.

கதை இதுதான். அக்காவும் கணவரும் கைக்குழந்தையோடு மொன்றியலில் வந்து இறங்கியது நல்ல பனிக்காலத்தில். கணவரின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் அவர்களை ஒரு ஓட்டை வானில் ஏற்றி ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்தான். அவனிடம் சரியான லைசென்ஸ் இல்லை. பொலிசுக்குப் பயந்து பெருந்தெருவை விட்டுவிட்டு, ஏரிக்கரையோடு வரும் பழைய ரோட்டைப் பிடித்திருக்கிறான். நடுவழியில் கொட்டிய பனியில் வான் ரோட்டோரக் கிடங்குக்குள் இறங்கிவிட்டது. பக்கத்துப் பண்ணை வீட்டு வெள்ளைக்காரி ஒருத்தி வந்து, குழந்தையைத் தன் கோட்டுக்குள் வைத்துத் தூக்கிப்போய், எல்லோரையும் ஒரு இரவும் அடுத்த பகலும் வீட்டில் வைத்திருந்து அனுப்பியிருக்கிறாள். போகும்போது வழிக்கென்று இந்தப் பாத்திரம் நிறையச் சாப்பாடு.

"உள்ளுக்கை என்ன சாப்பாடு, அக்கா?"

"கேக்காத தம்பி. ஆம்பிளையள் சாப்பிட்டாங்க."

வெயில் காலம் வந்ததும் கொண்டுபோய்க் கொடுப்போம் என்று கணவர் சொன்னாராம். வெயில் காலம் வந்தது, வேலை வந்தது, அகதிக் கேஸ் வந்தது, பிறகு அவருக்கே வருத்தம் வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். விலாசம் யாருக்கும் தெரியாது. கூட்டிவந்த தம்பி எந்த நாட்டில் இருக்கிறானோ. வேறு யாராவது என்றால், ஆண்டவன் விட்ட வழி என்று அந்தப் பாத்திரத்தில் புட்டு அவித்திருப்பார்கள்.

சில வருடங்களுக்கு முன்னர் அக்காவின் மகன் கல்கரியில் வீடு வாங்கி, தாயையும் அங்கேயே கூட்டிப்போக ஏற்பாடு செய்தான். நாங்கள் அப்போது பிக்கரிங்குக்கு மாறியிருந்தோம். ஒரு வியாழக்கிழமை அவன் எனக்குப் போன் எடுத்தான்.

"அங்கிள், சண்டே ஃபிளைட். அம்மா பாக் பண்ண மாட்டன் எண்டு நிக்கிறா. ஏதோ ஒரு டிஷ். ஐ டோன்ட் ஈவன் நோ. நீங்கள் ஒருக்காப் போய்க் கதையுங்கோ, பிளீஸ்."

கதைக்கத்தான் போனேன். கடவுளாணை, கதைக்க மட்டும்தான் போனேன். அக்கா அடுப்படியில் நின்று பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார். நீலப்பூப் பாத்திரம் மேசையில் இருந்தது.

"அக்கா, பொதிக்குள்ளை வைச்சுக் கல்கரிக்குக் கொண்டு போங்கோவன். ஆர் கேக்கப் போகினம்?"

"இவ்வளவு நாளும் அவட வீட்டுக்கும் என்ட வீட்டுக்கும் ஒரே ரோட்டுத்தான் தம்பி. எண்டைக்காவது கொண்டு போவன் எண்டு மனசில இரிந்திச்சி. இனி இதத் தூக்கிட்டு ப்ளேன்ல மேற்கால போனா அது களவு."

"அப்ப எனக்கிட்டைத் தாங்கோ. நான் பிறகு..."

"நீ குப்பைக் குழாய்ல போடுவாய்."

அந்தக் கதை இவருக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருடமும் தெரிந்துகொண்டே எனக்குப் பணியாரம் தந்திருக்கிறார். வேறு என்ன செய்வது? வெள்ளிக்கிழமை காலை என் வானை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றேன்.

பெருந்தெருவால் விர்ரென்று போய், அந்தப் பக்கத்தில் இறங்கித் தேடுவோம் என்று நான் சொன்னேன். அக்கா கேட்கவில்லை. வந்த பழைய ரோட்டாலேயே போக வேண்டுமாம், இல்லாவிட்டால் தனக்கு இடம் பிடிபடாதாம். போகிற வழியில் தேடாமல் விட்டு, திரும்பி வரும்போது பார்க்கலாமே என்றும் கேட்டேன். "வாற வழியில குடுத்தா, வேற அலுவலாப் போன இடத்துல நினைவு வந்து குடுத்த மாதிரி. அது மரியாதையில்ல" என்றார். பாத்திரத்தை மடியில் வைத்தபடி பின் சீற்றில் ஏறினார். மூடிக்கு மேலே ஒரு துவாய் கட்டியிருந்தது. பணியாரத்தின் வாசம் வான் முழுக்க.

"ஒண்டு தாங்கோ அக்கா, நான் காலமை சாப்பிடேல்லை."

"நிறைச்ச பாத்திரம். குறைக்கேலாது. இந்தா, வாழைப்பழம் தின்."

அந்தப் பழைய கிங்ஸ்டன் ரோட் ஸ்காபரோவுக்குள் வெறும் கடைத்தெரு. ஒஷாவா தாண்டினால் அதன் குணம் மாறிவிடும். பழைய மரங்கள், கல்வீடுகள், இடைக்கிடை பொன்னெழுத்துப் போட்ட நீலப் பலகைகள். முதலாவது பலகையைக் கண்டதுமே அக்கா வானை நிறுத்தச் சொன்னார். தாங்கள் வந்தபோது இவை பனியால் மூடியிருந்தனவாம், அப்போது வாசிக்கவும் தெரியாதாம், இப்போது நான் வாசித்துச் சொல்ல வேண்டுமாம்.

"இந்த ரோட்டாலை முதல் முதல் வந்து குடியேறின முன்னோடியளைப் பற்றி எழுதியிருக்கு."

"எங்க இரிந்து வந்தவங்க?"

"அமெரிக்காவிலை சண்டை, அக்கா. இங்கிலாந்து ராசாவின்ரை பக்கம் நிண்டு தோத்துப்போய், வீடு வாசலை விட்டிட்டு ஓடிவந்தவை. மொன்றியல் பக்கத்தாலை மேற்கை வந்தவையாம்."

"அப்ப அகதிகள்."

"முன்னோடியள் எண்டெல்லோ போட்டிருக்கு."

"ஓ. வந்து கனகாலமாகியிரிக்கும்."

நான் வானை எடுத்தேன். கொஞ்சத் தூரம் போனதும் பின்னாலிருந்து கேள்வி வந்தது. அவர்களுக்கு அரசாங்கம் என்ன கொடுத்தது என்று. காணி கொடுத்தது, கோடாலி கொடுத்தது, சாப்பாட்டுச் சாமானும் கொடுத்தது என்றேன்.

"கேஸ் கேக்காமலா?"

"கேக்காமல்தான்."

"அவங்க வரக்குள்ள இஞ்ச ஆக்கள் இரிக்கல்லயா?"

"இருந்தவை. ஆதிக்குடிகள்."

"அவங்கட போர்டு எங்க?"

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். இப்படியே ஒவ்வொரு பலகைக்கும் நின்று, ஒவ்வொரு முன்னோடியையும் விசாரித்து, அவர்கள் வந்த திசைக்கு எதிர்த்திசையில் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். மாட்டு வண்டிலில் வந்தவர்கள்கூட இதைவிட வேகமாக வந்திருப்பார்கள்.

உண்மையான தொல்லை கோபேர்க் தாண்டித்தான் தொடங்கியது. அக்காவுக்கு அடையாளம் எல்லாம் மனப்பாடம். தகரக் கூம்பு வைத்த தேவாலயம், அதற்குப் பிறகு ஒரு இறக்கம், இடப்பக்கம் ஏரி, ஏற்றத்தில் பெரிய கல் ஒன்று கிடக்கிற வீடு. ஆனால் அவர் கண்டது மேற்கே வரும்போது. நாங்கள் போவதோ கிழக்கே. இறக்கமெல்லாம் ஏற்றமாக வந்தது. இடப்பக்கம் இருக்க வேண்டிய ஏரி வலப்பக்கம் கிடந்தது. அக்கா கொஞ்ச நேரம் முழித்தார். பிறகு சீற் பெல்ற்றைக் கழற்றாமலே இடுப்பை முறுக்கி, பின்கண்ணாடியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப சரி. இப்ப எல்லாம் தெரியுது. நீ ஓட்டு."

ஓட்டினேன். இதிலுள்ள சிக்கல் என்னவென்றால், பின்கண்ணாடியில் ஒரு வீடு தெரிகிறபோது நாங்கள் அதைத் தாண்டிப் போயிருப்போம்.

"கிறுகு! தம்பி, கிறுகு!"

கிறுகு என்றால் மட்டக்களப்பில் திருப்பு என்று அர்த்தம். நான் திருப்புவேன். திருப்பினால் அவர் மறுபக்கம் பார்த்திருப்பார், அடையாளம் மாறிவிடும். "இது இல்லப் போல. மறுகா கிறுகு." பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே கையைத் தூக்கி ஒரு விரலைக் காட்டிவிட்டுப் போனான். யாரோ தெரிந்தவன் கைகாட்டுகிறான் என்று நினைத்து அக்கா பதிலுக்குத் தலையாட்டினார்.

முதலில் இறங்கிய வீட்டில் ரொறன்ரோவிலிருந்து போய்க் குடியேறி ஆடு வளர்க்கிற ஒரு இளம் சோடி இருந்தது. முன்பு யார் இருந்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. அடுத்த வீட்டில் ஆளே இல்லை, நாய்தான் இருந்தது. அந்த நாயின் வாய்க்குத் தப்பி நான் வானுக்குள் பாய்ந்த பாய்ச்சலில் அடிபட்ட என் முழங்கால் இன்றைக்கும் மழைக்கு நோகும். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அக்கா, அந்த மனுசி இப்ப உயிரோடை இருக்கோ இல்லையோ! இருந்தாலும் இந்தப் பாத்திரத்தை நினைச்சுக்கொண்டோ இருக்கப் போறா? அவ எப்பவோ வேறை வாங்கியிருப்பா!"

அக்கா பின்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவ மறந்திருப்பா. மறக்கட்டும். நான் மறந்தாத்தான் பிழை" என்றார். பிறகு குரல் உடைந்து, "நாளைக்கு ஒரு நாள்தான் இரிக்கு தம்பி" என்றார்.

பின்னேரம் ஆகும்போது கிறுகு என்ற சத்தம் வேறு மாதிரி வந்தது. சத்தமாகவே இல்லை. மூச்சோடு வந்தது. திருப்பினேன். ஏற்றத்தில் ஒரு வெள்ளை வீடு, வாசலில் ஆடு ஏறி நிற்குமளவு பெரிய கல்.

கதவைத் திறந்தது தொண்ணூறைத் தொடும் ஒரு கிழவி. ஊன்றி நடக்கிற சில்லு வண்டிலோடு நின்றாள். அக்கா என்னைப் பிடித்து முன்னுக்குத் தள்ளினார். வழி நெடுக எனக்குப் பாடம் சொல்லி வைத்திருந்தார்: உங்கள் வீட்டுச் சோற்றைத் தின்றவர்கள் நாங்கள், பாத்திரத்தைப் பிந்திக் கொண்டுவந்ததை மன்னிக்க வேண்டும், குழந்தை இப்போது பெரிய வேலையில் இருக்கிறான், இப்படிப் பெரிய உரை. நான் "எக்ஸ்கியூஸ் மீ" என்று தொடங்குவதற்குள் அக்கா துவாயை அவிழ்த்துவிட்டார். கிழவி நீலப் பூவைப் பார்த்தாள். அப்படியே வாசல் கதிரையில் இருந்துவிட்டாள்.

"பனி," என்றாள். "குழந்தை. பச்சைக் கம்பளித் தொப்பி." பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து, "நீ சாப்பிடவே இல்லை. நான் கவனித்தேன்" என்றாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் என் தமிழில் எழுதுகிறேன். அக்காவுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன் என்று எழுதினால் என் மனைவி சிரிப்பாள், அதனால் விடுகிறேன்.

கிழவியின் பெயர் ஐரீன். குசினியில் இருத்தித் தேநீர் தந்தாள். அக்கா பாத்திரத்தை இரண்டு கையாலும் நீட்ட, ஐரீன் ஒரு பணியாரத்தை எடுத்துக் கடித்து, நன்றாயிருக்கிறது என்று தலையாட்டி, இன்னொன்று எடுத்து, மூன்றாவதற்குக் கை நீட்டும்போது ஒரு வார்த்தை சொன்னாள்.

"உனக்குத் தெரியுமா, இது என் பாத்திரமே இல்லை."

நான் தமிழில் சொன்னேன். அக்கா படாரென்று மூடியைப் போட்டுப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஐரீனின் விரல் தப்பியது அருந்தப்பு.

"அப்ப ஆர்ட?"

பாத்திரம் டோரத்தி என்பவளுடையது. டோரத்தி ஐரீனுடைய கணவனின் தங்கை, அதாவது மச்சாள். செத்துப்போன மாமியாரின் பாத்திரம் அது, மகளுக்குப் போனது. ஏதோ ஒரு விருந்துக்கு அதில் சாப்பாடு கொண்டுவந்து இந்த வீட்டில் விட்டுப் போயிருக்கிறாள். அக்காவை அனுப்புகிற அன்றைக்கு ஐரீன் அதைத்தான் எடுத்தாள்.

"ஏன் மற்றவையின்ரையைத் தூக்கிக் குடுத்தனீங்கள்?" என்று நான் கேட்டேன்.

"மூடி உள்ள பாத்திரம் வீட்டில் அது ஒன்றுதான்."

பிறகு டோரத்தி தாயின் பாத்திரம் எங்கே என்று கேட்க, பனியில் வந்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தேன், கைக்குழந்தை வைத்திருந்தாள், கொண்டுவந்து தருவாள் என்று ஐரீன் சொல்லியிருக்கிறாள். ஒரு வெயில் காலம் போயிற்று, இன்னொன்று போயிற்று. யாரும் கொண்டுவரவில்லை. இந்த ரோட்டில் எங்கேயடி வெளிநாட்டுப் பெண், உடைத்துவிட்டுக் கதை கட்டுகிறாய் என்று டோரத்தி சொன்னாள். வீட்டில் சொன்னாள், தேவாலயத்தில் சொன்னாள், ஐரீனின் கணவனின் செத்தவீட்டிலும் சொன்னாள். பார்த்த ஒரே சாட்சி அந்தக் கணவன்தான், அவரோ தங்கைக்கு எதிராக வாய் திறக்காத மனுசன். அந்தச் செத்தவீட்டு நாளிலிருந்து இரண்டு மச்சாள்மாருக்கும் பேச்சில்லை. டோரத்தி இப்போது நபானி என்ற ஊர்ப் பக்கம் இருக்கிறாளாம்.

நான் இதைச் சொல்லச் சொல்ல அக்காவின் முகம் சாம்பலாகிவிட்டது.

"தம்பி, நான் பாத்திரத்தத்தான் அலுமாரிக்கு மேல வைச்சிரிந்தன் எண்டு நினைச்சன். இந்த மனுசிட மானத்தையெல்லோ வைச்சிரிந்திரிக்கன்."

அதற்குப் பிறகு நடந்ததில் என் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. அக்கா எழும்பினார். ஐரீனின் கோட்டை ஆணியிலிருந்து எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டார். எனக்கு வேண்டாம், அவள் முகத்தில் நான் முழிக்க மாட்டேன் என்று ஐரீன் ஆங்கிலத்தில் சொல்ல, ஓம் ஓம் என்று அக்கா தமிழில் பொத்தான் பூட்டினார். நான் சில்லு வண்டிலை மடக்கிப் பின்னால் போட்டேன். ஐரீன் முன் சீற்றில் ஏறினாள். போகும் வழியில் நல்ல காலமாக எந்தப் பலகைக்கும் நிற்கவில்லை. பாத்திரத்தில் இரண்டு குறைந்துவிட்டதே என்று அக்கா வழி முழுக்கப் பணியாரத்தை நிரவி நிரவி அடுக்கிக்கொண்டு வந்தார். ஐரீன் யன்னலைப் பார்த்தபடி, "கதவைச் சாத்துவாள் பார்" என்று இடைக்கிடை சொன்னாள்.

டோரத்தி கதவைத் திறந்தபோது அக்காவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஐரீனைப் பார்த்தாள். பிறகு பாத்திரத்தைப் பார்த்தாள். நெட்டையான, நிமிர்ந்த கிழவி. உதடு ஒரு கோடு மாதிரி இருந்தது.

"ஆக, இவ்வளவு காலமும் உன்னிடம்தான் இருந்திருக்கிறது," என்றாள்.

ஐயோ! இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. பாத்திரம் உடைந்தது என்று நம்பியவள் இப்போது அது ஒளித்து வைக்கப்பட்டிருந்தது என்று நம்பப் போகிறாள். கொண்டுவராமலே விட்டிருந்தால் ஐரீன் கைதவறி உடைத்தவள். கொண்டுவந்ததால் கள்ளி. ஐரீன் சில்லு வண்டிலைத் திருப்பத் தொடங்கினாள். நான் விளக்கம் சொல்லத் தொண்டையைக் கனைத்தேன்.

அக்கா கையால் என்னை ஒதுக்கிவிட்டு முன்னுக்கு வந்தார். கனடாவில் இத்தனை வருடத்தில் அந்த மனுசி ஒரு வெள்ளைக்காரரிடம் நேரே பேசி நான் கண்டதில்லை. பக்கத்தில் மகனோ நானோ நிற்க வேண்டும், எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்.

"நோ," என்றார். "நொட் ஹேர். மீ. ஸ்னோ. பேபி. ஷி கிவ். ஐ டேக். ஐ நொட் பிரிங். மீ."

டோரத்தி அப்போதுதான் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மேலே பனிக்கோட்டு, நடுவில் சேலை, கீழே ஓடுகிற சப்பாத்து. அவள் நம்பியதாகத் தெரியவில்லை. யாரையோ கூலிக்குப் பிடித்துக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ.

"குழந்தை எங்கே?" என்று கேட்டாள்.

அக்கா கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்து மகனுக்கு வீடியோ அடித்தார். அவன் கல்கரியில் ஏதோ கூட்டத்தில் இருந்திருக்கிறான். கழுத்தில் டை, கன்னம் நிறையத் தாடி, தலையில் ஒரு மயிர் இல்லை.

"அம்மா, ஐம் இன் எ மீட்டிங். பாக் பண்ணியாச்சோ? வெயிட், ஹூ இஸ் தட்?"

அக்கா போனை டோரத்தியின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பேபி," என்றார்.

டோரத்தி கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்துப் போட்டாள். மொட்டைத் தலைக் குழந்தையைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்து "ஹாய்?" என்றது. தாயைப் பார்த்தாள். மறுபடி குழந்தையைப் பார்த்தாள். அந்த மூக்கு அந்தக் குடும்பத்து மூக்கு, யாரும் மறுக்க முடியாது. மெல்ல மெல்ல அவளுடைய நிமிர்ந்த தோள் இறங்கியது.

"நான் ஊர் முழுக்கச் சொன்னேனே," என்றாள், எங்களுக்கில்லை, கதவு நிலைக்கு. "அப்படி ஒரு பெண்ணே கிடையாது என்று."

ஐரீன் போனையும் பார்க்கவில்லை, மச்சாளையும் பார்க்கவில்லை. அக்காவின் கோட்டுக் கையைப் பிடித்தாள்.

"இன்னொருக்கால் சொல்லச் சொல்," என்று என்னிடம் கேட்டாள்.

நான் மொழிபெயர்க்கும் முன்பே அக்கா சொன்னார். "ஸ்னோ. பேபி. ஷி கிவ். ஐ டேக்."

ஐரீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னொருக்கால்."

அக்கா தெருவைப் பார்த்துத் திரும்பி நின்று, அயல் வீட்டுக்காரருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.